தகவல் கேட்கும் விண்ணப்பம்: வன்னியில் இருந்து ஒரு மாதர் சங்கத்தின் மதிப்பீடு

அரசாங்கம் தருகிற சேவைகளில் எதை முதலில் பழகவேண்டும் என்று வன்னியில் இருக்கிற ஒரு குடும்பம் என்னைக் கேட்டால், தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் போடுகிற தகவல் கேட்கும் விண்ணப்பத்தைத்தான் சொல்வேன். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அஸ்வெசும உதவிக் காசு எல்லாம் வேண்டியவைதான். ஆனால் அங்கெல்லாம் கேள்வி கேட்பவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், பதில் சொல்பவர் நாங்கள். இந்த விண்ணப்பத்தில் கேள்வி எங்கள் கையில் இருக்கிறது. எங்கட சங்கம் சில வருடங்களாக இதைப் பாவித்து வருகிறது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மிச்ச ஒன்றரையை ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

மாங்குளத்தில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில் பஸ்ஸால் இறங்கி உள்ளுக்கு நடக்கவேண்டிய கிராமம் எங்களுடையது. நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். வீட்டு வாசலில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எந்தப் பிரதேச சபை, எந்தத் திணைக்களம் என்று எழுதப்போவதில்லை. கதிரையில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், நடைமுறை எங்கும் ஒன்றுதான்.

2015 இல் வந்த 19 ஆவது திருத்தம் தகவல் பெறுவதை அரசியலமைப்பில் அடிப்படை உரிமையாகச் சேர்த்தது. அதைத் தொடர்ந்து 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் வந்து, 2017 பெப்ரவரி 3 இல் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பெப்ரவரியை வன்னிச் சனம் மறக்காது. அதே மாதம்தான் கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் வாசலில் தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு, அவர்கள் எங்கே என்று கேட்டு இருந்தார்கள். சில நாளில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் இருந்தார்கள். பிலவுக்குடியிருப்புச் சனம் படையினர் பிடித்து வைத்திருந்த தங்கட காணிக்காக முகாம் வாசலில் குழந்தைகளோடு படுத்திருந்தது. அரசாங்கத்திடம் ஒரு கேள்வி கேட்பதற்கு எங்கட ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வழி வீதியில் போய் இருப்பது. அந்த மாதத்தில்தான் கேட்டால் பதில் தரவேண்டும் என்று ஒரு சட்டமும் வந்தது.

அந்தத் தாய்மாரின் கேள்விக்கு இந்தச் சட்டத்தால் பதில் வரவில்லை. தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுக்க 5 ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. பொதுமக்களின் நலன் அதைவிடப் பெரிதாக இருந்தால் தரத்தான் வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. ஆனால் எது பெரிது என்பதை முதலில் தீர்மானிப்பவர் மறுக்கிற இடத்தில் இருப்பவர்தான். ஒரு கிரவல் வீதியின் கதையை எழுதும்போது இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை.

இனி வீதிக்கு வருகிறேன். கிராமத்துக்குள் போகிற எங்கட உள்வீதிக்குக் கிரவல் போட்டு ரோலர் ஓட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போனார்கள், நெல் ஏற்றின உழவு இயந்திரம் புதையாமல் போனது, எல்லோருக்கும் சந்தோசம். அந்த மாரியிலேயே, குளம் நிரம்பி வான்பாய்ந்த கையோடு, பள்ளத்தில் வீதி இரண்டாக அறுந்துபோனது. சங்கக் கூட்டத்தில் ஒப்பந்தகாரர் மேல்தான் கதை முழுக்க. கிரவலைக் குறைத்துப்போட்டுக் காசை அடித்துவிட்டார் என்று ஆம்பிளைகளும் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். ஆனால் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எத்தனை அங்குலம் கிரவல் போடவேண்டும், எவ்வளவு காசு, இது ஒருவருக்கும் தெரியாது.

யாரிடம் போய்க் கேட்பது? 2018 பெப்ரவரியில் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. அந்த மார்ச் 9 இல் வைக்கவிருந்த தேர்தலைக் காசு இல்லை என்று நடத்தவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் சொன்னது. தேர்தல் நடந்தது 2025 மே 6 இல். இடைப்பட்ட இரண்டு வருடமும் உறுப்பினரும் இல்லை, தவிசாளரும் இல்லை, செயலாளரே எல்லாம். மாகாண சபைக்குப் போவோம் என்றால் 2013 இல் தெரிவான வடமாகாண சபை 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. பாராளுமன்ற உறுப்பினர் என்றால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்று மாவட்டத்துக்கும் சேர்த்து வன்னியில் ஆறு பேர். ஒரு உள்வீதி அறுந்த கதை அவர்களிடம் போய்ச் சேர்வதற்குள் அடுத்த மாரி வந்துவிடும்.

அந்த நேரத்தில் திறந்திருந்த கதவு இந்த விண்ணப்பம் ஒன்றுதான். இந்தச் சேவையில் எனக்குப் பிடித்த முதல் விசயமும் அதுதான்: தெரிவுசெய்யப்பட்ட ஆள் இல்லாத காலத்திலும் இது வேலை செய்கிறது. தேர்தலைத் தள்ளிப்போடலாம், தகவல் அலுவலரின் மேசையை மூட முடியாது.

விண்ணப்பம் கொடுப்பது கஷ்டமில்லை. அச்சடித்த படிவம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் வெள்ளைத் தாளில் பெயர், முகவரி, என்ன தகவல் வேண்டும், எந்த மொழியில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் போதும். எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுதிப் பதியவேண்டியது அந்த அலுவலரின் கடமை. எங்கட பக்கத்து வளவு ஆச்சி அப்படித்தான் செய்தா. 2009 இல் யுத்தத்தின் கடைசியில் மாத்தளன் பக்கம் ஓடின ஓட்டத்தில் அவவின் காணி அனுமதிப்பத்திரம் போய்விட்டது. காணிப் பதிவேட்டில் தன் காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்ற பக்கத்தின் பிரதி வேண்டும் என்று கேட்டா. பிரதி கிடைத்தது. அவவின் மனுசனின் பெயர் அதில் இருந்தது. ஆச்சி அதைப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டுச் சாமிப் படத்தடியில் வைத்திருக்கிறா. இதே காரியத்துக்காக எத்தனை வருடம் விதானையாரின் (கிராம அலுவலரின்) வாசலுக்கும் ஏஜிஏ ஒவ்வீசுக்கும் (பிரதேச செயலகத்துக்கும்) நடந்திருப்பா என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. இதைக் கட்டாயம் மனத்தில் வைத்திருங்கள், ஏனென்றால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

“எதுக்கு அக்கா உங்களுக்கு இந்த எஸ்ரிமேற் எல்லாம்? வீதி உடைஞ்சதெண்டால் ஒரு முறைப்பாடு எழுதித் தாங்கோவன்.”

“முறைப்பாடு முன்னமே தந்திட்டம் சேர். இது தகவல் விண்ணப்பம். காரணம் எழுதத் தேவையில்லை எண்டு சட்டத்தில இருக்கு. பெற்றுக்கொண்டதுக்கு ஒரு துண்டு தாங்கோ.”

துண்டு தந்தார். அதற்குப் பிறகு குரலும் மாறினது, கதிரையும் தந்தார்.

கேள்வியை எப்படி எழுதுவது என்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். “வீதி ஏன் உடைந்தது?” என்று எழுதினால் “அதிக மழைவீழ்ச்சி” என்று ஒரு வரி வரும், அதோடு கோப்பு மூடப்படும். சட்டம் தருவது அவர்களிடம் இருக்கிற ஆவணத்தை. ஆகவே ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். ஒரு வீதி வேலைக்கு இருக்கிற கடதாசிகள் இவை: முதலில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் போடுகிற மதிப்பீடு. அதோடு ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு கியூப், எவ்வளவு மீற்றர், என்ன விலை என்று வருகிற பி.ஓ.கியூ. பிறகு ஒப்பந்தம். வேலை நடக்கும்போது அளந்து எழுதுகிற அளவீட்டுப் புத்தகம். காசு கொடுத்த வவுச்சர். கடைசியாக, வேலை முடிந்தது என்று கையொப்பம் வைத்த சான்றிதழ். இவற்றில் பி.ஓ.கியூவும் அளவீட்டுப் புத்தகமும் இரண்டும் கையில் இருந்தால், என்ன செய்யச் சொன்னார்கள், என்ன செய்ததாக எழுதினார்கள் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மூன்றாவதாக ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீதிக்குப் போகலாம்.

காலக்கெடு இப்படி. விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவேண்டும். தருவதென்றால், கட்டணம் இருந்தால் அதைக் கட்டின பிறகு 14 நாட்களுக்குள் தகவல் வரவேண்டும். பெரிய தொகையான தகவல் என்றால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம். ஒருவரின் உயிரோடோ தனிப்பட்ட சுதந்திரத்தோடோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். எங்களுக்கு முதல் தவணையில் ஒன்றும் வரவில்லை. “நடவடிக்கை எடுக்கப்படுகிறது” என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. அப்படி வந்தால் பேசாமல் இருக்கக்கூடாது. 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் மேன்முறையீட்டுக்கென்று பெயர் குறித்து வைத்திருக்கிற மேலதிகாரிக்கு எழுதவேண்டும். அவருக்கு மூன்று கிழமை. அவரும் தராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் ஆணைக்குழுவுக்குப் போகலாம். வேண்டுமென்றே தகவலை மறைப்பதும் பிழையான தகவல் தருவதும் தண்டனைக்குரிய குற்றங்கள். எங்கட விசயம் மேன்முறையீட்டோடு முடிந்தது. கடதாசிக் கட்டு தபாலில் வந்தது.

செலவு என்று பார்த்தால் விண்ணப்பத்துக்குக் காசு இல்லை. போட்டோப் பிரதியில் முதல் நாலு பக்கம் இலவசம், அதற்கு மேல் பக்கத்துக்குச் சில ரூபாய்தான். உண்மையான செலவு பஸ் காசும், தோட்ட வேலையை விட்டுப் போகிற நாளும். ஆகவே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கட்டைப் பிரித்துச் சங்க மண்டபத்தில் வைத்துப் பார்த்தோம். கடிதம் தமிழில் இருந்தது, மதிப்பீடும் பி.ஓ.கியூவும் முழுக்க ஆங்கிலம். தமிழில் நிருவாகம் நடக்கவேண்டிய மாகாணத்தில், தமிழ்ச் சனத்துக்காகத் தமிழ் உத்தியோகத்தர் போட்ட கணக்கு இது. இதற்கு அரைப் புள்ளி குறைத்திருக்கிறேன். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற எங்கட ஊர்த் தம்பி ஒருவன் ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்னான். பிறகு நாடாவோடு போய் அளந்தோம். நீளம் சரி. அகலம் சரி. அறுபடாத இடத்தில் தோண்டிப் பார்த்தோம், கிரவலின் தடிப்பும் ஏறக்குறையச் சரி. ஒப்பந்தகாரர் கடதாசியில் சொன்னதைச் செய்திருக்கிறார்.

கடதாசியில்தான் மதகு இல்லை. வடிகானும் இல்லை. குளத்து வான் தண்ணி எந்த இடத்தால் வீதியைக் கடக்கும் என்று எங்கட ஊரில் மாடு மேய்க்கிற பொடியனுக்கும் தெரியும். அந்த இடத்தில் ஒரு குழாய் கூடப் போடச் சொல்லி மதிப்பீட்டில் எழுதவில்லை. வந்து அளந்தவர் கோடையில் வந்திருக்கிறார். காய்ந்த நிலத்தைப் பார்த்திருக்கிறார். கேட்டிருந்தால் எவரும் சொல்லியிருப்பார்கள். கேட்கச் சொல்லி அவருக்கு ஒரு விதியும் இல்லை.

அன்றைக்கு மண்டபத்தில் ஒருவரும் கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. களவு என்றால் கோபப்படலாம், முறைப்பாடு எழுதலாம். இங்கே எல்லாரும் ஒழுங்காக வேலை செய்து, எல்லாக் கையொப்பமும் சரியாக வைத்து, பொதுமக்களின் காசை வெள்ளத்தில் விட்டிருக்கிறார்கள். ஊழலைப் பிடிப்பதற்கென்றுதான் பலர் இந்தச் சட்டத்தைப் பற்றிக் கதைக்கிறார்கள். எங்கட அனுபவத்தில், கிராமத்துக் காசு கூடுதலாக வீணாகப் போவது கிராமத்தைக் கேட்காமல் போட்ட கணக்கால்தான். அந்தக் கணக்கை வேலை முடிந்த பிறகு எங்கட கையில் தருவது, பிரேதத்தை எடுத்த பிறகு வைத்தியர் வந்த மாதிரி. நான் குறைத்த மற்ற ஒரு புள்ளி இதற்குத்தான்.

இதற்கு மருந்தும் அதே சட்டத்துக்குள் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. 9 ஆம் பிரிவைப் பாருங்கள். உள்ளூர்க் காசில் ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வேலைத்திட்டம், வெளிநாட்டுக் காசு என்றால் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்டது, பொதுவாகத் தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்னம் அதன் விபரத்தைப் பொதுமக்களுக்கும், குறிப்பாக அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்கவேண்டும். யாரும் விண்ணப்பம் போடாமலே அறிவிக்கவேண்டும். இந்தக் கடமை துறைக்குப் பொறுப்பான அமைச்சர் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. அங்கேதான் அது நின்றுவிடுகிறது. கொழும்பில் உள்ள அமைச்சரின் கடமை எங்கட பிரதேச சபையின் அறிவித்தல் பலகைக்கு இறங்கி வந்ததை நான் கண்டதில்லை. வேலை தொடங்கின பிறகு திட்டத்தின் பெயரும் தொகையும் எழுதின ஒரு பெயர்ப்பலகை நடுவார்கள். அதில் மதகு இருக்கிறதா என்று தெரியாது.

ஜனநாயகத்தைத் திருத்தவேண்டும் என்று எல்லாத் தேர்தலிலும் மேடையில் சொல்கிறார்கள். புதிய அரசியலமைப்பு வேண்டும், நிறைவேற்று அதிகாரத்தை ஒழிக்கவேண்டும், மாகாணத்துக்கு அதிகாரம் வேண்டும் என்கிறார்கள். எனக்கும் அவை வேண்டும். அதிகாரப் பகிர்வைக் கேட்டுத்தான் எங்கட சனம் இவ்வளவு இழந்தது. ஆனால் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த அதிகாரம் அங்கேயே நின்றால் எங்கட வீதியில் மதகு வராது. மதிப்பீடு போடுவதற்கு முன்னம் அந்த இடத்துச் சனத்தைக் கூப்பிட்டு வைத்து வாசிக்கவேண்டும், தமிழில் வாசிக்கவேண்டும், மாரியில் தண்ணி எங்கே நிற்கும் என்று கேட்டு எழுதவேண்டும், அதற்குப் பிறகுதான் கையொப்பம். இதற்கு அரசியலமைப்பை மாற்றத் தேவையில்லை. பிரதேச சபை ஒரு தீர்மானம் எடுத்தால் போதும்.

வேறு வழிகளையும் பார்த்திருக்கிறோம். அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919 க்கு அழைத்தால் எந்தக் காரியத்துக்கு எந்த ஒவ்வீஸ் என்று தமிழில் நன்றாகச் சொல்வார்கள், அதற்கு மேல் இல்லை. நடமாடும் சேவை அடையாள அட்டைக்கும் பதிவுகளுக்கும் நல்லது. உறுப்பினரின் வீட்டுக்குப் போவது பழைய வழி. அதில் காரியம் நடந்தாலும் நாங்கள் கடன்பட்டவர்களாகத் திரும்பி வருகிறோம், அடுத்த தேர்தலில் அந்தக் கடனைக் கேட்டு வருவார்கள். தகவல் விண்ணப்பத்தில் யாருக்கும் கடன் இல்லை.

பயத்தைப் பற்றியும் எழுதவேண்டும். பெயரும் முகவரியும் எழுதி ஒரு ஒவ்வீசுக்குக் கேள்வி அனுப்புவதென்றால் எங்கட பகுதியில் இப்போதும் கை நடுங்கும். பெயர்ப் பட்டியல்களோடு வாழ்ந்த சனம் இது. ஆம்பிளை இல்லாத வீடுகளில் இன்னும் கூட. நாங்கள் கண்டுபிடித்த வழி, சங்கத்தின் பெயரில் அனுப்புவது. ஒரு அமைப்பின் உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்குக்குக் குறையாதவர்கள் இலங்கைப் பிரசைகள் என்றால் அந்த அமைப்பே விண்ணப்பிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. கமக்கார அமைப்பு, கடற்றொழிலாளர் சங்கம், கோயில் பரிபாலன சபை எல்லாம் செய்யலாம். கடிதத் தலைப்பும் முத்திரையும் இருந்தால் ஒரு தனிப் பெண்ணின் தலையில் அது விழாது. பதிலும் சங்கக் கோப்பில் இருக்கும், செயலாளர் மாறினாலும் காணாமல் போகாது.

மேயில் தேர்தல் முடிந்த பிறகு எங்கட வட்டாரத்து உறுப்பினரைச் சங்கக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, அந்தக் கடதாசிக் கட்டை முன்னால் வைத்தோம். அவர் வயதில் சின்னவர், பொறுமையாக இருந்து பார்த்தார். “அன்ரி, இதுகளை உறுப்பினர் ஆன எனக்கே ஒருத்தரும் காட்டினதில்லை” என்றார். மதகுக்குக் காசு ஒதுக்கக் கேட்பதாகச் சொன்னார். அதற்கு நன்றி சொன்னோம். ஆனால் மதகைவிட எங்களுக்கு முக்கியமானது, ஒவ்வொரு வேலையின் மதிப்பீடும் ஒப்பந்தத்துக்குப் போக முன்னம் அந்த வட்டாரத்தில் வாசிக்கப்படவேண்டும் என்ற தீர்மானம் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறோம். சபை அதை இன்னும் எடுக்கவில்லை.

அதுவரைக்கும் சும்மா இருக்காமல், இந்தச் சேவையை வேலைக்கு முன்னமே பாவிக்கத் தொடங்கியிருக்கிறோம். அடுத்த வருடத்துப் பாதீடு மார்கழிக்குள் சபைக்கு வந்து நிறைவேறவேண்டும். அப்படியென்றால் புரட்டாதியிலேயே விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும், அப்போதுதான் காலக்கெடு எல்லாம் போக, பாதீட்டுக்கு முன்னம் பதில் கையில் வரும். எங்கட சங்கம் அனுப்புகிற வாசகத்தை அப்படியே கீழே தருகிறேன். வட்டாரத்தின் பெயரை மாற்றிவிட்டு எவரும் எடுத்துப் பாவிக்கலாம்.

“அடுத்த ஆண்டுக்கான பாதீட்டில் எமது வட்டாரத்துக்கென முன்மொழியப்பட்டுள்ள வீதி, வடிகான், மதகு வேலைகளின் பட்டியல், ஒவ்வொரு வேலைக்குமான மதிப்பீட்டினதும் பி.ஓ.கியூவினதும் பிரதி, இவ்வேலைகளைத் தெரிவுசெய்த கூட்டத்தின் அறிக்கை, மதிப்பீடு தயாரிப்பதற்காக இடத்தைப் பார்வையிட்ட திகதிகள், அப்பார்வையின்போது கிராமத்தவரிடம் பெறப்பட்ட கருத்துகளின் பதிவு. இவை தமிழ் மொழியில் தேவை.”

பார்வையிட்ட திகதியைக் கேட்க மறக்கவேண்டாம். ஆடியில் வந்து அளந்ததா, கார்த்திகையில் வந்து அளந்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.